ஒரு கண்ணாலை மட்ச் பார்த்த செல்வமண்ணை

செல்வமண்ணையின்ரை உயிர் போகேக்கை கட்டிலடியிலை நிண்டது அவற்ரை தமக்கை இராசமக்கா, என்ரை இவர், நான். மூண்டு பேர்தான். நிண்டிருக்கவேண்டிய நாலாவது ஆள் ஸ்கொட்லாந்திலை.

அரியாலையிலை எங்கடை வேலிக்கு அங்காலை சைக்கிள் கடை வைச்சிருந்த செல்வமண்ணைதான். இண்டைக்கு விடிய நெஞ்சுவலி... ஆஸ்பத்திரியிலை சேர்த்தும் உயிர் நிக்கேல்லை.

நான் பின்னேரம் விளக்கேத்தித் தேவாரம் தொடங்க, வேலிக்கு அங்காலை, "முறியடா உவன்ரை காலை!" எண்டு கேக்கும். தன்ரை தம்பி ரவி கிளாஸ்கோவுக்குப் போன நாளிலையிருந்து செல்வமண்ணைக்கு ஸ்கொட்லாந்து புட்போல் விசர்.

"அண்ணை, சாமிக்குக் கேக்கும்" எண்டு ஒருநாள் சொன்னன்.

"கேக்கட்டும் பிள்ளை. அது பெனால்ட்டி எண்டு அவருக்கும் தெரியோணும்."

தானும் இளவயதிலை பின்வரிசையிலை விளையாடி, ஒருத்தன்ரை கால் எலும்பை முறிச்ச மனிசன். கேட்டால், "முதலிலை பந்திலைதான் பட்டது" எண்டுவார்.

கொரோனாவுக்கு முந்தின சீசன். ரவி தகப்பன்ரை திவசத்துக்கு வந்து நிண்டவர். கிளாஸ்கோவின்ரை ரெண்டு பகை ரீமிலை அண்ணை பச்சை, தம்பி நீலம். பங்குனி வெயிலிலை ரெண்டு பேரும் கழுத்திலை கம்பளி ஸ்கார்ஃப் சுத்திக்கொண்டு கடை ரிவிக்கு முன்னாலை...

அண்டைக்குப் பச்சைக்கும் நீலத்துக்கும் மட்ச். பந்தை அடிச்சதைவிட ஆளை அடிச்சது கூட. நீலத்திலை ஒருத்தன் முழங்கையாலை இடிச்சுச் சிவப்பு மட்டை வாங்கினான். கடைசி நேரத்திலை கோல் போட்டுப் பச்சை வெண்டுது. விசில் ஊதின பிறகும் அடிபாடு.

பச்சைக் கப்டன் நீல ஆக்களுக்கு முன்னாலை ரெண்டு கையையும் விரிச்சு நிண்டான். செல்வமண்ணையும் எழும்பித் தம்பிக்கு முன்னாலை அப்பிடியே நிண்டார்.

"கையை இறக்கு அண்ணை."

"ஏன்டா, நோகுதோ?"

"இறக்கெண்டு சொல்லுறன்!"

"இறக்காட்டி?"

காத்தடிக்கிற இரும்புப் பம் ரவியின்ரை கைக்கு எப்ப வந்ததெண்டு நான் காணேல்லை. தேத்தண்ணியோடை வாசலிலை நிண்டு, அது இடக்கண்ணிலை விழுந்ததைத்தான் கண்டனான். தேங்காய் உடைக்கிற சத்தம்.

அண்ணை விழேல்லை. ஒரு கையாலை கண்ணைப் பொத்தினபடி, மற்றக் கையாலை ரவியின்ரை கழுத்தைப் பிடிச்சு அலுமாரிக் கண்ணாடியிலை மோதினார். என்ரை இவர் நடுவிலை பூந்து பிரிச்சார்.

ஓட்டோவிலை போகேக்கை அண்ணையின்ரை கண்ணிலை பச்சை ஸ்கார்ஃபை அமத்திப் பிடிச்சது நான்தான். போய்ச்சேர முதல் அது கறுப்பாப் போச்சு.

ஆஸ்பத்திரியிலை பொலிஸ் வந்து கேட்டது.

"ரியூப் வெடிச்சது ஐயா" எண்டார் அண்ணை.

"ரியூப் வெடிச்சுக் கண் போகுமோ?"

"லொறி ரியூப் ஐயா."

அப்பிடித்தான் எழுதினவை. கேஸ் இல்லை. கண்ணும் இல்லை.

ரவி அண்டிரவே கொழும்புக்கு வெளிக்கிட்டவர். பேந்து ஒரு போனும் இல்லை. நாங்கள் எல்லாரும் அவரை நெஞ்சிலை ஈரமில்லாத ஆள் எண்டுதான் நினைச்சனாங்கள்.

ஒருக்கால், கடையிலை ரவி விட்டிட்டுப் போன நீல ஸ்கார்ஃபிலை ஒருத்தர் கிறீஸ் துடைச்சிட்டார். செல்வமண்ணை சைக்கிள் செயினாலை முதுகு கிழிய விளாசினார். "அது ஆரின்ரை சாமான் எண்டு தெரியுமோடா?"

இண்டைக்குக் கட்டிலடியிலை இராசமக்கா தலையிலை அடிச்சுக் கத்தினா. அண்ணையின்ரை கண் போன கோவத்திலை ரவிக்குப் போன் எடுத்து, "பொலிஸ் உன்னைத் தேடுது, இஞ்சை கால் வைச்சியோ உள்ளதான்" எண்டு சொன்னது தான்தானாம். பிறகு திருப்பி எடுக்க, நம்பர் வேலை செய்யேல்லையாம்.

செல்வமண்ணைக்கு அது கேட்டதோ தெரியாது. நல்ல கண் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தது.

போட்டு வாங்கோ அண்ணை. அங்கையும் ரெஃப்ரியோடை கொளுவாதேங்கோ.

கிளாஸ்கோவிலை இருக்கிற ஆக்கள் தயவுசெய்து இதை ஷேர் பண்ணுங்கோ.

ரவி, உம்மிலை கேஸ் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. கொள்ளி வைக்க அண்ணைக்குப் பிள்ளையும் இல்லை. ஞாயிறு வரைக்கும் உடம்பை வைச்சிருக்கலாமாம்.

வாறீரோ, இல்லையோ... எதெண்டாலும் கெதியாப் பதில் போடும்.