கயிறு இழுக்க ஒருவர், விசை அமுக்க ஒருவர்

பிரகாஷ், துர்கா... நம் வீட்டு வாட்டர் ஜெட் மெஷின் நினைவிருக்கிறதா? கார் நிறுத்துமிடத்தின் மூலையில், பழைய மேசை விரிப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அதேதான். போன வாரம் அது என்னைப் படுத்திய பாட்டை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

பண்டார் தெங்காராவில் நம் அம்மன் கோயில் திருவிழா ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள், கோயில் மதிலுக்கு வெளியே உள்ள சிமெண்டுத் தரையில் படிந்த பாசியைக் கழுவித் தருவது என் வேலை. கமிட்டி போட்டுக் கொடுத்த வேலை இல்லை. மெஷின் வாங்கிய வருடத்திலிருந்து அப்படி ஆகிவிட்டது. மற்ற நாட்களில் பேக்டரிக்குப் போகிறேன், வருகிறேன் — என்னை யாரும் தேடுவதில்லை. அந்த ஒரு நாள் மட்டும் தேடுவார்கள்.

வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த முறை வீட்டில் நான் மட்டும்தான். மகள் துர்கா பெர்த்தில், குழந்தை பிறந்திருக்கிறது, பத்தியச் சாப்பாடு சமைத்துப் போட மனைவி அங்கே போயிருக்கிறார். மகன் பிரகாஷ் சிங்கப்பூரில், கோஸ்வே பாலத்து நெரிசலுக்குப் பயந்து அங்கேயே அறை எடுத்துவிட்டான். இங்கே சோறு வடித்தால் மிஞ்சுகிறது. டிவியைப் போட்டால்தான் வீட்டில் பேச்சுக் குரல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெஷினை வெளியே இழுத்தேன். குழாயைத் திறந்ததுமே ஒழுகல். ரப்பர் ஓஸை மெஷினில் மாட்டுகிற இடத்தில் சொட்டு சொட்டாக... கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. ஹார்டுவேர் கடையில் புதிது வாங்கிப் போட்டேன். ஒழுகல் நின்றது. பரவாயில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யார் இருக்கிறார்கள் மெச்ச?

அடுத்து இன்ஜின். கயிற்றைப் பிடித்து இழுத்தேன். ஓர் உறுமல், அவ்வளவுதான். மறுபடி இழுத்தேன். இந்த முறை கயிறு பாதியில் நின்று, வெடுக்கென்று என் கையைத் திருப்பி இழுத்தது. தோள்பட்டை வரை வலி.

தொட்டியில் இருந்தது போன வருடத்துப் பெட்ரோல். அதைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். வடித்துவிட்டுப் புதிது ஊற்றினேன். பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைத்தேன். கார்புரேட்டருக்கு அடியில் உள்ள கிண்ணத்தைத் திறந்தால், பாலில்லாத தேநீர் நிறத்தில் கசடு. அதையும் கழுவினேன். மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன் இதற்கு மேல் என்ன செய்வேன்? எல்லாவற்றையும் மாட்டி இழுத்தால்... கயிறு மறுபடியும் கையை உதறியது.

அந்த நேரம் பார்த்துக் கோயில் செயலாளர் முனியாண்டி அண்ணனின் போன்.

“என்ன மணியம், நாளைக்கு வந்துருவல்ல?”

“மெஷின் கொஞ்சம் ரோசாக் ஆயிருச்சுண்ணே, ஸ்டார்ட் ஆவல.”

“அலமாக். முன்னாடியே சொல்லக் கூடாதா? ஜேபி டவுன்ல ஒரு கிளீனிங் கம்பெனி இருக்கு, இப்பக் கூப்பிட்டாலும் வந்துருவான். நீ எதுக்கு லா தனியா கஷ்டப்படுற?”

“காலைல வரைக்கும் டைம் குடுங்கண்ணே.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் ஒரு முறை கம்பெனிக்காரன் வந்து கழுவிவிட்டால், அடுத்த வருடம் எனக்கு எதற்குப் போன் வரப்போகிறது?

கையைக்கூடக் கழுவவில்லை, உங்கள் அம்மாவின் வீடியோ கால் வந்துவிட்டது.

“என்னங்க இது, மூஞ்சி பூரா கரி. சாப்டீங்களா?”

“மெஷின் ஸ்டார்ட் ஆவல.”

“நான் சாப்டீங்களான்னு கேட்டேன்.”

“பெட்ரோல் மாத்திட்டேன், பிளக்க தொடச்சிட்டேன்...”

“இந்தாங்க, உங்க மககிட்டயே சொல்லுங்க. எனக்கு மெஷின் பாஷையெல்லாம் தெரியாது.”

துர்கா, நீ குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாய்.

“கன்ன யாருப்பா புடிச்சிருக்கா?”

“எந்த கன்னு?”

“தண்ணி அடிக்கிற கன்னுதான். நீங்க கயிறு இழுக்கும்போது நான் அமுக்கிட்டு நிப்பேன்ல?”

“அது நீ வெளையாடுறது. என் பூட்ஸ்ல தண்ணி அடிச்சி ஏச்சு வாங்குவ.”

“வெளையாட்டு பாதிதாம்ப்பா. அமுக்கலன்னா உள்ள தண்ணி அடைச்சிக்கும், கயிறு டைட்டாயிரும். ஒரு தடவ மறந்துட்டேன்... நீங்க கைய ஒதறிக்கிட்டு அந்த மெஷின என்னா திட்டு திட்டுனீங்க. அதுலருந்து விடுறதில்ல. சரி, இப்ப யாரு புடிச்சிருக்கா?”

“யாரும் இல்லம்மா.”

குழந்தை ஏப்பம் விட்டது.

“இழுக்கறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவ அமுக்கி, தண்ணிய வெளிய விட்டுருங்கப்பா. ஒவ்வொரு தடவையும்.”

அப்படியே செய்தேன். கன்னின் விசையை அமுக்கியதும் அடைபட்டிருந்த தண்ணீர் சீறி அடங்கியது. கயிற்றை இழுத்தேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பூனை மதிலேறி ஓடியது.

இத்தனை வருடமாக அந்த மெஷினைக் கிளப்பியது நான் என்றே நினைத்திருந்தேன். பக்கத்தில் நின்று பிள்ளைகள் செய்கிற எத்தனை காரியங்களை நாம் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகிறோம்? அவர்கள் வீட்டை விட்டுப் போன பிறகுதானே நமக்குக் கயிறு இறுகுகிறது.

மறுநாள் காலை கோயிலில் பாதி வாசல் பளிச்சென்று ஆகியிருந்தது. முனியாண்டி அண்ணன் தேநீரோடு வந்தார். இன்ஜினை ஓடவிட்டு, தண்ணீர்த் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

“அடியில ஒழுகுது பாரு மணியம்.”

பம்புக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டால், சுடுதண்ணீர். யாரும் விசையை அமுக்காமல் இன்ஜின் மட்டும் ஓடினால், உள்ளேயே சுற்றுகிற தண்ணீர் சூடேறிவிடும். பம்பு கெடாமல் இருக்க ஒரு சின்ன வால்வு திறந்து அதை வெளியே விடும். மெஷினோடு வந்த தாளில் எப்போதோ படித்தது. கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நீங்கள் இரண்டு பேரும் அந்தத் துப்பாக்கிக்குப் போட்ட சண்டையில், அது எப்போது சும்மா இருந்தது சூடேற?

“லீக் இல்லண்ணே. சும்மா ஓடுதுல்ல, சூடாயிருச்சு.”

“அப்பப் பேசாம வேலயப் பாரு லா. அடுத்த வருஷமும் நீதான். மெஷின மட்டும் முன்னாடியே எடுத்துப் பாரு.”

மத்தியானம் எல்லாரும் மண்டபத்துக்குச் சாப்பிடப் போனார்கள். நான் இன்ஜினை நிறுத்தினேன். குழாயை அடைத்தேன். ஓஸில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் முறுக்கிக்கொண்டு இருந்தது. அதை வெளியே விட்டுத்தான் சுருட்ட வேண்டும்.

சுற்றிப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை.

துப்பாக்கியை என் பூட்ஸின் பக்கம் திருப்பி, விசையை அமுக்கினேன்.