குடை ராட்டினத்து மயில்

"சும்மா இரு" என்ற இரண்டு சொற்களைத்தான் சின்ன வயதில் நான் அதிகம் கேட்டிருப்பேன். சாப்பிடும்போது பாதியில் எழுந்து ஓடுவேன். தலை பின்னும்போது ஒற்றைச் சடையோடு நழுவிவிடுவேன். இவள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா அலுத்துக்கொள்வாள். அப்படிப்பட்ட என்னை ஓர் ஆடி மாதத்தில் சேலம் பொருட்காட்சிக்கு அழைத்துப்போய், வேண்டிய மட்டும் சுற்றிக்கொள் என்று விட்டார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். ஏழு வயதில் யார் காரணம் கேட்கிறார்கள்?

காரணம் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் அவளுக்கு இடது கால் சூம்பிப்போயிருந்தது. நடக்கும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிரும். வெளியே கிளம்பினால் என் தோளில் கை வைத்துக்கொள்வாள். அப்போது அந்தச் சாய்வு பாதிதான் தெரியும். நான் ஓடாமல் நடந்தேன் என்றால் அத்தையின் கை என் தோளில் இருந்த நேரங்களில் மட்டும்தான். அவளைப் பெண் பார்க்க அதற்குள் இரண்டு இடங்களிலிருந்து வந்துபோயிருந்தார்கள். காபித் தட்டோடு அவள் நாலு எட்டு வைப்பதற்குள் வந்தவர்களின் முகம் மாறிவிடும். ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்துவிடுவார்கள். இரண்டாம் முறை நடந்த பிறகு அப்பா நாள்கணக்கில் யாரோடும் முகம்கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாவது வரனை எருமப்பட்டியிலிருந்து கொண்டுவந்தவர் என் தாய்மாமா. திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்திருந்தவர், ஊர் ஊராகப் போய் போர் போடுகிறவர். எத்தனை அடி போயும் வெறும் புழுதியாக வந்துகொண்டிருந்தால்கூட, இன்னும் கொஞ்சம் இறக்கினால் தண்ணீர் வந்துவிடும் என்று தோட்டக்காரரை நம்பவைக்கிற வாய் அவருக்கு. அப்பாவிடம் அன்றைக்கு அவர் பேசியதை எங்கள் வீட்டில் பிற்பாடு பலமுறை சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

"நடக்க உட்டாத்தானுங்க மாப்ள வம்பு? உக்கார வெச்சே காட்டிப்புடலாம்."

ஆடியில் யாரும் பெண் பார்க்க வரமாட்டார்கள். ஆனால் பொருட்காட்சியில் தற்செயலாக எதிர்ப்பட்டால் அது பெண் பார்ப்பதில் சேராது என்பது மாமா இயற்றிய சட்டம். அத்தையை முன்கூட்டியே குடை ராட்டினத்தில் ஏற்றி உட்காரவைத்துவிட வேண்டும். அவர்கள் கீழே நின்று பார்ப்பார்கள், பிடித்துப்போகும், ஆவணியில் முகூர்த்தம் வைத்துவிடலாம். காலுக்கு என்ன சொல்வது என்று அப்பா கேட்டதற்கு, "தாலி ஏறிப்போச்சுன்னா அப்பறம் அது அவங்க ஊட்டுக் காலுங்க" என்றாராம். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. அத்தையை யாரும் கேட்கவேயில்லை.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த மாமாவின் சிநேகிதர் வீட்டில் முகம் கழுவி, அத்தைக்குப் பூ வைத்து, வெயில் தாழ்வதற்கு முன்பே பொருட்காட்சிக்குப் போய்விட்டோம். குடை ராட்டினத்தைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட பெரிய துணிக்குடை, அதன் விளிம்பு நெடுக கண்ணாடித் துண்டுகள். கீழே மரக்குதிரைகள். வாலுக்கு நிஜ மயிரே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குதிரையின் கழுத்திலும் பெயர் எழுதியிருந்தது. மின்னல் என்ற குதிரைக்கு ஒரு கண் கோலிக்குண்டு, மற்றது சட்டைப் பொத்தான். குதிரைகளுக்கு நடுவே, சேலை கட்டியவர்கள் உட்காருவதற்கென்று ஒரு வெள்ளை அன்னம் சிறகை விரித்துக்கொண்டிருந்தது. அத்தையை அதில் உட்காரவைத்து, அவள் பாதம் மறையும்படி சேலையை இழுத்துவிட்டு மாமா இறங்கினார்.

ராட்டினத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கினால் ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். சட்டையில் குத்திக்கொள்ளப் பின்னால் ஊக்கு வைத்த சின்ன வட்டம். யானை, சிங்கம், ஒட்டகம், மான், மயில் என்று ஐந்து படங்களையும் ஒரு பலகையில் பெரிதாக எழுதி மாட்டியிருந்தார்கள். டிக்கெட் கொடுப்பவர் டப்பாவுக்குள் கையை விட்டு வந்ததை எடுத்து நீட்டுவார். கெஞ்சினாலும் மாற்றித் தரமாட்டார்.

எருமப்பட்டிக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. எந்த நிமிடமும் வந்துவிடலாம் என்பதால் அத்தையை இறங்கவிடவும் முடியவில்லை. பலூன் கேட்டால் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற அப்பா, ஆட்டம் முடிய முடிய அடுத்த டிக்கெட்டை வாங்கி நீட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு என்மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டதாக நான் எடுத்துக்கொண்டேன். ஒரு குதிரை மிச்சமில்லாமல் ஏறினேன். யானை வந்தது, மறுபடியும் யானை, பிறகு ஒட்டகம், சிங்கம், மான், திரும்பவும் ஒட்டகம். எல்லாவற்றையும் சட்டையில் குத்திக்கொண்டேன். மயில் மட்டும் வரவில்லை. மயில் இல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அத்தைக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அன்னத்தின் கழுத்தில் இருந்த வெள்ளைப் பெயின்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பாதத்தை வெளியே நீட்டுவாள், அப்பா பார்த்ததும் உள்ளே இழுத்துக்கொள்வாள். எனக்கு அவளைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. சுற்றுகிற சுகம் தெரியாதவள் என்று நினைத்தேன்.

"எறங்கிக்கலாமா சாமி?" என்று கேட்டாள்.

"மயிலு வரட்டும் அத்தே."

கடைசியில் மாமா தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். எங்களுக்கு அதுதான் சைகை. ராட்டினம் அப்போது நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரும், குடை பிடித்த அவருடைய அம்மாவும் வந்து நின்றார்கள். மாமா உபசாரமாக அடுத்த ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட்டை அவர் கையில் திணித்தார். ஏறமாட்டேன் என்று அவர் வெட்கப்பட்டார். கூடவே வந்த வில்லையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். ஒரு சுற்று வந்தபோது அதில் நீலமாக ஏதோ தெரிந்தது. அடுத்த சுற்றில் தோகை தெரிந்தது.

அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை, அத்தையைத்தான் பார்த்தாள். அத்தை நல்ல அழகி. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த அம்மாளின் முகம் மலர்ந்துகொண்டே போனது. மாமாவின் காதில் ஏதோ சொன்னாள். மாமா அப்பாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அப்பா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

ராட்டினம் நின்றது.

"அத்தே, அவரு பாக்கெட்டுல இருக்குது மயிலு."

அத்தை அந்தப் பையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். நான் பொறுமையிழந்து அவள் முந்தானையை இழுத்தேன்.

"வா சாமி, போயிக் கேட்டு வாங்கிக்கலாம்" என்று எழுந்தாள்.

மாமா ஓடிவந்தார். "நீ உக்காரு புள்ள, நா வாங்கியாரேன்." உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

"இல்லீங்க மாமா, நானே போயி வாங்கிக்கறேனுங்க."

பழக்கப்படி தோளைக் கொடுத்தேன். அத்தை கை வைக்கவில்லை. "நீ முன்னால போ" என்று என்னை நகர்த்திவிட்டு, தனியாக இறங்கி நடந்தாள். சேலையை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. அவசரப்படவும் இல்லை. எங்கள் வீட்டுக்குள் எப்படி நடப்பாளோ அப்படியே, சாய்ந்தும் நிமிர்ந்தும், ஒரு எட்டையும் மறைக்காமல் நடந்தாள். நின்றிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்கோ தவிப்பு. இவள் இப்படி ஆடி அசைந்து வருவதற்குள் அவர் கிளம்பிவிட்டால் மயிலும் அவரோடு போய்விடுமே என்று, முன்னால் ஓடுவதும் திரும்பி வருவதுமாக இருந்தேன்.

"ஏனுங்க, அந்த மயிலு எங்க பாப்பாவுக்கு வேணுமாமுங்க" என்றாள் அத்தை.

அவர் அத்தையின் காலைப் பார்த்தார். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு ஊக்கைக் கழற்றினார். விரலில் குத்தியிருக்க வேண்டும், உதறிக்கொண்டார். "வெச்சுக்கட்டுங்க" என்று என் கையில் கொடுத்தார். அவருடைய அம்மா குடையை மடக்கிவிட்டு, மாமாவிடம் மட்டும், "பொழுதாயிருச்சு, நாங்க வாரமுங்க" என்றாள்.

மாமா எங்களோடு திரும்பவில்லை. பஸ்ஸில் அப்பா எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்து, வெளியே பார்த்தபடியே வந்தார். அத்தை ஜன்னலை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கால்களை நன்றாக நீட்டி உட்கார்ந்தாள். ராசிபுரம் வந்தபோது அப்பா கேட்டார்.

"ஏம்புள்ள எறங்குன?"

"பாப்பா மயிலு கேட்டாளுங்கண்ணா" என்றாள் அத்தை.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அத்தனை ஜனத்துக்கு நடுவில், யாரையும் பிடித்துக்கொள்ளாமல், அத்தை எனக்காக அவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்:

"ஆமாங்கப்பா, எனக்காகத்தான்."