மிளகாய்ச் செடிக்கு அள்ளிப் போட்ட யூரியா

நான் திருத்தணியில் உயிரியல் ஆசிரியர். செல் சவ்வு வழியாக நீர் எப்படி உள்ளே போகிறது, எப்படி வெளியே வருகிறது என்று வருடா வருடம் பாடம் நடத்துகிறவன்.

போன வருடம் கே.ஜி.கண்டிகையில் எங்கள் நிலத்தில் முதன்முதலாக மிளகாய் நட்டேன். சீக்கிரம் வளரட்டும் என்று யூரியாவை அள்ளிப் போட்டேன். இரண்டே நாளில், மண் ஈரமாக இருந்தும் செடிகள் துவண்டுவிட்டன.

பக்கத்து நிலத்து லட்சுமி அக்கா வந்து வேரடியைக் கிளறிப் பார்த்தார்.

"எவ்ளோ சார் போட்டீங்க?"

சொன்னேன்.

"உரம் உப்பா நின்னுகினு வேர்ல இருக்கிற தண்ணியையும் இழுக்குது. நெறைய தண்ணி வுட்டு அலசினாதான் பொழைக்கும்."

வகுப்பில் நான் சொல்வதும் அதேதான். என் கிணற்றிலோ அலசும் அளவுக்குத் தண்ணீர் இல்லை என்றேன்.

"எங்க மோட்டார்லேந்து வுடறேன். என் நெல்லு இன்னிக்கு ஒரு நாள் தாங்கும்," என்றார்.

மின்சாரம் இருந்த நேரம் முழுவதும் அவருடைய தண்ணீர் என் நிலத்தில் பாய்ந்து வடிந்தது. பாதிக்கு மேல் செடிகள் பிழைத்தன.

அன்று அவருடைய நெல் வயல் தண்ணீரில்லாமல் காய்ந்து கிடந்ததை நான் பார்த்தேன். அதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குத்தான் அந்த வயலைக் கடக்கும்போதெல்லாம் கை தானாகக் குவிகிறது.