கொட்டாவிக்கு எழுந்த கை

கொட்டாவியைப் பார்த்து அழுத ஆளை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். நான் அப்படி ஒருத்தி.

யுத்த காலம். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருந்தோம். துறைமுகத்தில் வேலை செய்த அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து, பேச்சும் வலது கையும் போய்விட்டன. ஒரு நாள் காலையில் அவர் கொட்டாவி விட்டபோது, மரக்கட்டையாய்க் கிடந்த அந்தக் கை தானாக எழுந்தது. கொட்டாவி வந்தால் வாய்மேல் சிலுவை போடுவது எங்கள் வீட்டுப் பழக்கம்.

"பிள்ளை, ஓடி வா! அப்பா சிலுவை போடப் பார்க்கிறார்!" என்று கத்திய அம்மா, உடனே கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினாள்.

டொக்டர் வந்து கையைத் தூக்கச் சொன்னார். அது அசையவில்லை.

"இது அவர் நினைச்சுச் செய்யிறதில்லை அம்மா. கொட்டாவி மூளையின்ர அடியில இருந்து வருது. அது கையையும் சேர்த்து இழுக்குது. சுகமாகுது எண்டு நம்பாதேங்கோ."



பிறகொரு நாள் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அம்மா கட்டிலருகே முழங்காலில் நின்று, அப்பாவின் முகத்துக்கு நேரே பொய்க் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கும் தொற்றியது. கை எழுந்தது. அம்மா சட்டென்று அதன்கீழ் குனிந்தாள். கை அவள் தலைமேல் விழுந்தது.

அது ஆசீர்வாதம் இல்லையென்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அவள் எழுந்து போனதும், நான் அழுதபடியே போய் அப்பாவின் முன் முழங்காலிட்டு, பொய்க் கொட்டாவிக்கு வாயைத் திறந்தேன்.