கம்பை விட்டு நகராதே

பிற்பகல் மூன்று இருபதுக்கு நங்கூரம் பாறை இடுக்கில் சிக்கியது. அந்த நொடியில் கடிகாரத்தைப் பார்த்தேன். அதனால் இன்றும் நேரம் மறக்கவில்லை. என் பத்து வயது மகள் அப்போது இரண்டு பர்லாங்கு தள்ளி, இரண்டு தீவுகளுக்கு நடுவே ஒரு மணல்திட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். அவளை அங்கே நிறுத்தியவன் நான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். அரியலூரிலிருந்து ராமேஸ்வரத்துக்குச் சாமி கும்பிடப் போயிருந்தோம். தரிசனம் முடிந்ததும், தீவுகளைச் சுற்றி மீன்பிடிக்க வல்லம் வாடகைக்குக் கிடைக்கும் என்று என் மனைவியின் தம்பி விசாரித்து வந்தார். மனைவி சத்திரத்தில் தங்கிவிட்டாள். மகள் அடம்பிடித்து எங்களுடன் ஏறினாள்.

"எந்த ஊரு சார்?" என்றார் வல்லக்காரர்.

"அரியலூருங்க," என்றார் மைத்துனர். "எங்க ஊரும் ஒரு காலத்துல கடல்தான். தோண்டுனா கல்லாப் போன கிளிஞ்சலா வருது."

"அப்பறம் எதுக்குக் காசு குடுத்து இங்க வந்தீக?"

ஒரு மணி நேரத்தில் மகள் வாந்தியெடுத்துத் துவண்டுபோனாள். தரையில் இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினாள். பக்கத்தில் தெரிந்த மணல்திட்டின் மேல் அப்போது தண்ணீர் இல்லை, ஈர மணல்தான்.

"அரை மணி நேரந்தான் சார். தண்ணி ஏறிரும்," என்ற வல்லக்காரர் மகளிடம் குனிந்து, "தண்ணி கால நனைச்சா அந்தத் தீவுக்கு நடந்துரு தாயி. ஆழமில்ல," என்றார்.

"மழையே காணோம், தண்ணி எங்கேர்ந்துங்க ஏறும்?" என்று மைத்துனர் சிரித்தார். நானும் சிரித்தேன். மழை இல்லாமலே கடல் ஏறி வற்றும் என்பது எங்களுக்குத் தெரியாது.

பிறகு எங்கள் ஊரில் செய்வதைச் செய்தேன். கோடையில் ஏரி வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும். வண்டல் மண் அள்ளிய குழிகள் கலங்கல் தண்ணீரில் தெரியாது. அதனால் ஒரு கம்பை நட்டுப் பிள்ளைகளை அதனருகில் நிறுத்துவோம். நகர்ந்தால் அடி விழும். வல்லத்தில் கிடந்த மூங்கில் கழியை மணலில் ஆழமாக ஊன்றினேன்.

"எங்கயும் நடக்க வேணாம், குழி இருக்கும். அப்பா வர்ற வரைக்கும் கம்ப விட்டு நகரக் கூடாது. தெரியுதா?"

தலையாட்டினாள்.

பாறைகளின் ஓரம் மீன் விடாமல் கடித்தது. போகலாம் என்று வல்லக்காரர் இரண்டு முறை சொன்னார். "இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க," என்றேன் இரண்டு முறையும். மூன்றாம் முறை அவர் என்னைக் கேட்காமலே நங்கூரத்தை இழுத்தார். அது வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். மணல் இல்லை. கம்பு இருந்தது. அதன் பக்கத்தில் தொடையளவுத் தண்ணீரில் என் மகள். தீவு அவளுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

"அந்தப் பக்கம் நட! தீவுக்கு நட!" என்று கத்தினேன். எதிர்க்காற்று குரலைத் திருப்பியடித்தது. இரண்டு கைகளையும் வீசினேன். அவளும் ஒரு கையைத் தூக்கி அசைத்தாள். மற்றொரு கை கம்பிலேயே இருந்தது.

"கயித்த அறுத்துருங்கண்ணே!" என்று மைத்துனர் அழுதார்.

வல்லக்காரர் அறுத்தார். அலைகள் பெரிதாகியிருந்தன. மோட்டார் திணறித் திணறி நகர்ந்தது. ஒவ்வோர் அலை கடக்கும்போதும் அவள் தலை மறைந்து மறைந்து தெரிந்தது. ஒருமுறை கம்பு மட்டும் தெரிந்தது. அடுத்த அலைக்குப் பிறகும் கம்பு மட்டும்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை. நான் தண்ணீரில் குதித்துக் கையால் துழாவினேன், ஏரியில் மீனுக்குத் துழாவுவது போல.

தீவுப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. கடற்பாசி எடுக்கும் பெண்கள் இருவர் இடுப்பளவுத் தண்ணீரில் வந்துகொண்டிருந்தார்கள். மூத்தவள் தோளில் என் மகள் கிடந்தாள். இருமினாள், உயிர் இருந்தது. நான் கை நீட்டினேன். அந்தப் பெண் உடனே கொடுக்கவில்லை.

"நாங்க கூப்புடக் கூப்புட வரல. அப்பா அடிப்பாருன்னு கம்பக் கட்டிப் புடிச்சுக்கிட்டே முங்குச்சு. வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சுத்தான் தூக்கியாந்தோம்," என்றாள்.