பதினோராவது கட்டு

ஹட்டன் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் சின்னக் கிளை நிலையத்தில் நான் கிளார்க்காக இருந்தேன். அங்கே முஸ்லிம் நான் ஒருவன்தான். மதிய லுஹர் தொழுகைக்கு டவுன் பள்ளிவாசலுக்கு இறங்கிப்போய் ஏறி வருவதற்குச் சாப்பாட்டு நேரம் போதாது. பியோன் இரக்கப்பட்டு, பரீட்சை விடைத்தாள் அறையைத் தினமும் பத்து நிமிடம் எனக்குத் திறந்துவிடுவார். அவர் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். சாவி அவர் பொறுப்பு. வேறு யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது சட்டம். தெரிந்துதான் போனேன்.

அன்று விடைத்தாள்களைக் கொழும்புக்கு அனுப்பும் நாள். தொழுகிறவருக்குக் குறுக்கே யாரும் போகாதபடி முன்னால் ஒரு பொருளை வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். உள்தாழ்ப்பாள் போட்ட அறையில் எவன் குறுக்கே வரப்போகிறான்? ஆனால் எனக்கு எல்லாமே முறைப்படி நடக்க வேண்டும். ராக்கைத் தட்டில் அடுக்கியிருந்த விடைத்தாள் கட்டுகளில் ஒன்றை எடுத்து, தரைவரை தொங்கும் ஜன்னல் திரையோரம் வைத்தேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தேனோ இல்லையோ, என் மேசையில் போன் அடித்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.

மூன்று மணிக்கு வேன் வந்தது. உதவிப் பதிவாளர் மேடம் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு தரம் எண்ணினார்.

“பத்துத்தான் இருக்கு. பதினோராவது எங்க?”

எனக்குக் கட்டு எங்கே கிடக்கிறது என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

“சாவி உம்மட்டத்தானே இருந்தது? உள்ளுக்கு வேற ஆர் போனது?” என்று பியோனைக் கேட்டார்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. “யாரும் போகலிங்க மேடம். நான் மட்டுந்தான்.”

“அப்ப நீர்தான் பதில் சொல்ல வேணும். இது பிள்ளையளின்ர ஒரு வருசப் படிப்பு. நான் பொலிசுக்குச் சொல்லப்போறன்.”

வாயைத் திறந்தால் அந்த அறை போய்விடும். அந்தப் பத்து நிமிடம் இல்லாமல் அந்த ஆபீஸில் மூச்சுவிட முடியாது என்று நினைத்திருந்தேன். மேடம் போகட்டும், நைசாகப் போய்க் கட்டை ராக்கையில் வைத்துவிடலாம் என்றுகூடக் கணக்குப் போட்டேன். இதெல்லாம் தொழுதுவிட்டு வந்த மனசுதான். வெளியே வேன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். மேடம் போனை எடுத்து எண்களை அழுத்தத் தொடங்கினார்.

“மேடம், நான்தான் உள்ளே போனேன். தொழ. கட்டு ஜன்னல் திரைக்கு அடியில தரையில இருக்கு.”

மேடம் போய் எடுத்தார். முத்திரை உடையவில்லை. வேன் போன பிறகு இருவரையும் நிறுத்திவைத்துப் பேசினார். “தொழ இடம் வேணுமெண்டு என்னட்டக் கேட்டிருந்தா ஒரு மூலை தந்திருப்பனே.” நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு வாய்மொழி எச்சரிக்கை. சாவிக்காரர் என்பதால் பியோனுக்கு மட்டும் எழுத்தில்.

வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்து நடந்தோம். அங்கேதான் கேட்டேன், ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று.

“தொழுவுற மனுசன், நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேங்க,” என்றார். பிறகு பஸ்ஸைப் பார்த்தபடி, “கொஞ்சம் லேட்டாயிருச்சு,” என்றார்.