இடப்பக்கப் பூட்டு

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்த மனிதர், கியூபெக்கின் லாசாலில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்து ஒரு துவக்குச் செய்யப்போகிறேன் என்றபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"பேய்க்குப் பயந்து சுடலையில குடியிருந்த கதையாக் கிடக்கு" என்றேன்.

"எனக்கில்லை. அவனுக்கு" என்றார் என் கணவர்.

அவன் என்றால் எங்கள் மகன். இருப்பது ஒரே ஒருவன். சில வருடங்களுக்கு முன் வீட்டை விட்டுப் போனவன், வடக்கே காடும் ஏரியுமான ஓர் ஊரில் ஒரு கியூபெக் பெண்ணோடு இருக்கிறான். போனதற்குக் காரணம் ஒன்றா இரண்டா. படிப்பு, அந்தப் பெண், வாய்க்கு வாய். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பார்கள். இவருக்கு அது மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்காகச் சொன்ன பழமொழி. தகப்பனும் மகனும் கதைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு மட்டும் போனில் கதைப்பான்; நான் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பேன். அப்படி ஒரு ஞாயிறுதான், அவளுடைய தகப்பனோடு மான் வேட்டைக்குப் போகிறேன் என்று சொன்னான். பழைய காலத்து மாதிரிக் குழாய் வாயால் மருந்து இடித்துச் சுடுகிற துவக்காம். அதற்கென்று தனியாக ஒரு வேட்டைப் பருவமும் இருக்கிறதாம். இவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவருடைய வேலைத்தலத்தில் ஒரு கியூபெக்காரர் இருந்தார். அவரை நாங்கள் தாடிக்காரர் என்போம். அவர் இப்படித் துவக்குகளைத் தன் கையாலேயே செய்கிறவர். இரண்டு கிழமைக்குள் எங்கள் பேஸ்மென்டில் ஒரு நீண்ட குழாயும் ஒரு மேப்பிள் கட்டையும் வந்து சேர்ந்தன. தாடிக்காரர் வந்தால் நான் பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் படியிலேயே இருந்துவிடுவேன். எனக்கு யார் கதைத்தாலும் கேட்க வேண்டும்.

துவக்குக்குப் பூட்டு என்று ஒன்று இருப்பது அங்கேதான் தெரிந்தது. கதவுப் பூட்டு இல்லை; மருந்துக்கு நெருப்பு வைக்கிற பொறி. இரண்டு வகை. ஒன்றில் பொட்டுவெடி மாதிரிச் சின்னச் செப்புக் குப்பியை வைத்து அடிக்க வேண்டும். மற்றதில் தீக்கல்லை உருக்கில் அடிக்க, பொறி பறந்து வெளிக் கிண்ணத்து மருந்தில் விழும். புதிதாகச் செய்கிறவருக்குக் குப்பிதான் சுகம், மழைக்கும் அடங்காது என்றார் தாடிக்காரர். இவர் கல்லைத்தான் எடுத்தார். மகன் போனில் தீக்கல் என்று ஒருமுறை சொன்னானாம். டிவி பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அதையும் கேட்டிருக்கிறார்.

பிறகு கணினியில் படங்களைப் பார்த்தார்கள். வலப்பக்கப் பூட்டுகள் பக்கம் பக்கமாக இருந்தன. ஆங்கிலம், ஜெர்மன், சின்னது, பெரியது. தாடிக்காரர் ஒன்றைத் தொட்டு, இதைவிட நல்ல பூட்டு கிடைக்காது என்றார். இவர் கை அசையவில்லை.

"அவன் இடக்கையன்" என்றார். முதலில் தமிழில், பிறகு தன் உடைந்த பிரெஞ்சில்.

அந்தச் சொல்லை அவர் திட்டாமல் சொல்லி நான் கேட்டதே இல்லை.

எங்கள் பிள்ளை எல்லாவற்றுக்கும் இடக்கையைத்தான் நீட்டுவான். கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இடக்கையால் கீறுவான், வெட்டுவான். வீட்டில் அது நடக்காது. கோவிலில் ஐயர் திருநீறு கொடுக்க இவன் இடக்கையை நீட்டினான். நாலு பேர் பார்த்தார்கள். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் இவர் அவனுடைய இடக்கையைத் துவாயால் கதிரையோடு கட்டத் தொடங்கினார். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமோ" என்பார். நான் புட்டைக் குழைத்து அவனுடைய வலக்கையில் வைப்பேன். அவன் அழுதழுது வாயை விட்டுக் கன்னத்தில் தின்பான். வளர்ந்த பிறகும், எங்களுக்கு முன்னால்தான் வலக்கை, தனியே இருந்தால் இடக்கைதான் என்று இவர் நினைத்திருந்தார்.

தாடிக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. இடக்கைக்காரருக்கு இடப்பக்கப் பூட்டுத்தான் வேண்டும், இல்லையென்றால் கிண்ணத்து நெருப்பு முகத்துக்கு நேரே எழும் என்று தலையாட்டினார். இடப்பக்கத்துக்கு ஆசைப்பட்டுத் தெரிவு செய்ய ஒன்றும் இல்லை. இருந்த ஒரேயொரு பூட்டை அனுப்பச் சொல்லிவிட்டுக் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தார்கள்.

அதற்குள் விசை. விரலால் இழுக்கிற அந்த இரும்பு நாக்கிலும் இரண்டு வகை இருந்தது. ஒற்றை விசை என்றால் நேரே இழுக்க வேண்டியதுதான். இரட்டை விசையில் பின்னதை இழுத்து ஆயத்தம் பண்ணிவிட்டால், முன்னது இறகு பட்டாலும் வெடிக்கும்.

"தொட்டவுடன வெடிக்கிற சாமான் வேண்டாம். அவன் அவசரக்காரன்" என்றார்.

"அவனோ, நீங்களோ?" என்றேன் படியில் இருந்து.

"நீர் தேத்தண்ணியைப் பாரும்."

"நான் பாக்கிறன். இரட்டை விசையோட ஒரு ஆள் இந்த வீட்டில ஏற்கெனவே இருக்கிறார். அது காணும்."

தாடிக்காரர் என்னவென்று கேட்க, இவர் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் சிரித்தார். ஒற்றை விசையைத்தான் வைத்தார். அதன் ஆணியை எவ்வளவு மேலே வைக்கிறோமோ அவ்வளவு இலேசாக இழுபடுமாம். மேலே வைத்தார். பின்னால் பூட்டைப் பொருத்தியதும் மீன் நிறுக்கிற கைத்தராசைக் கொழுவி இழுத்துப் பார்த்தார், பிரித்தார், அராவினார், மறுபடியும் இழுத்தார். அவனுடைய விரல் நோகக்கூடாது என்றார்.

குளிர் முடியப் பூட்டு வந்தது. அதைக் கட்டைக்குள் இறக்க, எங்கே மரம் முட்டுகிறது என்று பார்க்கக் கறுப்புப் பூச வேண்டும். என் கண்மையை எடுத்துப் பூசினார். பூட்டை வைத்து அழுத்துவார், எடுப்பார், மை பட்ட இடத்தை மட்டும் உளியால் மயிரளவு சீவுவார். ஒருமுறை வெட்டினால் பிறகு மாற்ற ஏலாது. மரம் திரும்பி வளராது. கோடை முழுக்க வேலையால் வந்து, முகம் கழுவாமல் கீழே இறங்கினார்.

இலையுதிர் காலத்தில் மகன் வந்தான். அப்பா உனக்கு ஒரு சாமான் வைத்திருக்கிறார், வந்திட்டுப் போ என்று நான்தான் கெஞ்சியிருந்தேன். ஜான்-டலோன் சந்தையில் அவனுக்குப் பிடித்த பிஞ்சுக் கத்தரிக்காய் வாங்கிப் பால்கறி வைத்தேன், ஆட்டிறைச்சி, புட்டு. சாப்பிட்டான். ஒரு பருக்கை சிந்தவில்லை. தகப்பனும் மகனும் குளிர் வந்துவிட்டது என்பதைப் பற்றி மட்டும் கதைத்தார்கள். பிறகு இவர் கீழே போய் அதைக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

மகனின் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். "நீங்களோ செய்தனீங்கள்?" என்றான். மரத்தைத் தடவினான். எழும்பி, யன்னல் பக்கம் திரும்பி, துவக்கைத் தூக்கித் தோளில் வைத்தான்.

வலத்தோளில்.

பூட்டு அவனுடைய கண்ணுக்குப் பக்கத்தில் நின்றது. அவன் அதைப் பார்த்தான். இவரும் பார்த்தார்.

"அப்பா, இது மற்றப் பக்கமெல்லோ."

"நீ இடக்கையன் எல்லோ, ராசா."

அவன் துவக்கைக் கீழே இறக்கினான். குரலில் கோபமே இல்லை, கோபமாவது இருந்திருக்கலாம். "இல்லையப்பா. இப்ப எனக்கு எல்லாம் வலக்கைதான். எழுதிறது, வெட்டிறது, எல்லாம்."

தகப்பன் நிற்கிற நிலையைக் கண்டு, இடத்தோளிலும் வைத்துப் பார்த்தான். விரல் விசையைத் தேடித் தடுமாறியது. யாரோ ஒருவருடைய கையை வாங்கிப் பொருத்திக்கொண்டவன் போல நின்றான்.

"மாத்தித் தாறன்" என்றார் இவர். மாற்ற ஏலாது என்று எல்லாரையும்விட அவருக்குத்தான் தெரியும்.

"கரைச்சல்படாதையுங்கோ. அவளின்ர அப்பா எனக்கு ஒன்று தந்தவர்." சொன்ன பிறகு, "மெர்சி அப்பா" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னான். துவக்கை மேசையில் வைத்துவிட்டு, இருட்ட முதல் போகவேண்டும் என்று கிளம்பினான்.

கார் திரும்பும்வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். இவர் அதே கதிரையில் இருந்தார்.

"நான் நல்லாத்தான் பழக்கியிருக்கிறன்" என்றார்.

அந்தத் துவக்கைப் பிறகு தாடிக்காரருடைய தங்கையின் மகள் வாங்கிப் போக வந்தாள். அவள் வேட்டைக்காரி, இடக்கைக்காரி. எடுத்த உடனேயே இடத்தோளில் வைத்தாள். அளந்து செய்தது மாதிரி இருந்தது. இவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சின்ன வயதில் யாரும் கையை மாற்றச் சொல்லவில்லையா என்று பிரெஞ்சில் கேட்டார். அவள் விளங்காமல் சிரித்தாள். இவர் திரும்பவும், இன்னும் மெதுவாகக் கேட்டார்.

"என்னத்துக்கு மாற்றுறது?" என்றாள் அவள்.

அவள் போனபின், "பாரும், அந்தப் பிள்ளைக்கு நான் கேட்டதே விளங்கேல்லை" என்றார் என்னிடம். பிறகு கீழே போய், தரையில் கிடந்த மரச்சீவல்களைக் கூட்டத் தொடங்கினார்.